மொய் நோட்டும் கொடைக் கணக்கும்

விளையாட்டு என்றாலே நம் இடதுசாரி நண்பர்களுக்கு ஒரு சலிப்பு. செல்போன் விளையாட்டு என்றால் சலிப்பு கோபமாகிவிடும். ‘பசங்க செல்லும் கையுமா கெட்டுப் போறானுவ’ என்கிற டீக்கடைப் புலம்பலும், ‘ஏகாதிபத்தியப் பண்பாட்டுச் சீரழிவு’ என்கிற துண்டறிக்கை மொழியும் இந்த இடத்தில் கைகோர்த்துக்கொள்வது தற்செயலானதல்ல. இரண்டுமே விளையாடுகிறவனைத் தனியாளாகவே எடுத்துக்கொள்கின்றன. அவன் யாரோடு விளையாடுகிறான், அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்ற கேள்வியே எழுவதில்லை.

‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ 2012இல் பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் வெளியிட்டது. ஆளுக்கொரு கிராமம், திரையில். தனியாகவும் ஆடலாம், ஆனால் கிளான் இல்லாமல் சுவையில்லை. கிளான் என்றால் குலம். பொத்தானை அழுத்திச் சேர்ந்துகொள்ளலாம். (இப்படியொரு குலத்தை நம்ம ஊரில் யார் கண்டது!) ஒரு கிளானில் ஐம்பது பேர் வரை. தலைவர், துணைத் தலைவர், மூத்தவர், உறுப்பினர் என்று படிநிலை உண்டு. வேண்டியவர் படை கேட்பார், இருப்பவர் கொடுப்பார். கொடுத்தது இவ்வளவு, வாங்கியது இவ்வளவு என்று ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் எண் நிற்கும். நான் சில ஆண்டுகள் இருந்த கிளானில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துப் பையன்கள் அதிகம்; திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களும் இருந்தார்கள். போரில் தோற்றால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் போர்ப்பேச்சு ஓய்ந்து, வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா, நாத்து விட்டாச்சா, அறுப்பு மெஷினுக்கு மணிக்கு எவ்ளோ கேக்குறான் என்று அரட்டை போகும்.

அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு மார்செல் மோஸ் நினைவுக்கு வரவில்லை. பேராவூரணி மொய் விருந்துதான் வந்தது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் கறிச்சோறு போட்டு, வந்தவர் வைக்கும் பணத்தை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வாங்கியவர் மற்றவர் விருந்துக்குப் போகும்போது பழைய மொய்யைத் திருப்பிச் செய்வதோடு, புது மொய்யும் வைக்க வேண்டும். கணக்கு தீர்ந்துவிடக் கூடாது; தீர்ந்தால் உறவும் தீர்ந்தது. கொடுக்கும் கடமை, வாங்கும் கடமை, திருப்பித் தரும் கடமை என்று மோஸ் 1925இல் எழுதியதை இந்த வட்டாரத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கிளானிலும் இதே ஒழுங்குதான். வாங்கிக்கொண்டே இருப்பவனிடம் ‘ப்ரோ, டொனேட் பண்ணுங்க’ என்று இரண்டு முறை சொல்வார்கள். மூன்றாம் முறை ஆள் இருக்க மாட்டான். நட்பு என்று நாம் சொல்வதன் அடியில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்.

என் அக்கறை வேறு இடத்தில். மொய் நோட்டில் பணத்துக்கு முன்னால் ஊரும் பெயரும் எழுதப்படுகிறது. கிளான் கணக்கில் ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, ஒரு புனைபெயர் மட்டும். ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் தஞ்சை மாவட்டக் கிராமமொன்றில் தங்கி ஆய்ந்து, 1965இல் வெளியிட்ட நூலில் (ஸ்ரீபுரம் என்பது அவர் அதற்கு வைத்த பெயர்) அந்தக் கிராமம் அக்கிரகாரமாகவும் பிராமணரல்லாதார் தெருக்களாகவும் சேரியாகவும் பிரிந்து கிடப்பதிலிருந்தே சாதியை வாசிக்கிறார். தெருவைச் சொல்லாமலே சொல்லும் கருவி ஒன்றும் நம்மிடம் உண்டு: விளிச்சொல். பண்ணையாள் ‘ஆண்டே’ என்றான். மிராசுதார் வீட்டுச் சிறுவன் அந்தக் கிழவனை ‘வாடா’ என்றான். மாமா, மாப்ள, பங்காளி எல்லாம் பெண் கொடுத்து வாங்குவதன், சொத்துப் பங்கின் இலக்கணத்துக்குள் நிற்பவை. ‘ப்ரோ’வுக்கு அந்த இலக்கணம் கிடையாது. ‘தோழர்’ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதைச் சொல்ல உறுப்பினர் அட்டை வேண்டியிருக்கிறது. (கிளானில் பெண்கள் யாரேனும் இருந்தார்களா என்பதை இதே ‘ப்ரோ’ மறைத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) பழக்கம் முற்றியதும் ‘மாப்ள’வும் வந்தது. யார் எந்தத் தெரு என்று தெரியாமலே மாப்ள! டெல்டாவில் இது கொஞ்சநஞ்ச விஷயமில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஏழு நாள் ஆடாதவரை நீக்குவது எங்கள் கிளானின் விதி. அதை யாரும் பேசவே இல்லை. ஒவ்வொருவராக, ஜெனரேட்டரில் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றி, ‘உசுரோட இருக்கோம்’ என்று ஒரு வரி போட்டார்கள். வெளியூரில் இருந்தவர்கள் தார்ப்பாய் அனுப்ப முகவரி கேட்டார்கள். எல்லாரையும்விட அதிகம் படை கொடுத்துவந்த பையனின் முகவரியில் ‘காலனித் தெரு’ என்றிருந்தது. அவ்வளவுதான். அரட்டை அரை நாள் நின்றது. தார்ப்பாய் போய்ச் சேர்ந்தது, அதில் குறையில்லை. படைக் கொடையும் பழையபடி தொடர்ந்தது. அவனை ‘மாப்ள’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் மட்டும் ‘ப்ரோ’வுக்குத் திரும்பினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். அந்த அரை நாள் மௌனம் எந்த ஆவணத்தில் இருக்கிறது? இணையம் சாதியைக் கரைத்துவிடும் என்பவர்களுக்கு இந்தச் சம்பவம் பதில். ‘அங்கயும் அதே சாதிதானே’ என்று சிரிப்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. முகவரி வரும்வரை அந்த மூவரும் கொடுத்ததும் வாங்கியதும் நடந்ததுதான், கூப்பிட்டதும் நடந்ததுதான். சாதி அங்கே புதிதாக முளைக்கவில்லை, தபால் வழியாக வந்து சேர்ந்தது. அது வந்து சேராத இரண்டு ஆண்டுகளைப் பொய் என்று தள்ள மாட்டேன்.

இந்தக் கொடைக்களத்தின் நிலம் யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். மிராசு முழுக்க நிறுவனத்திடம். 2016இல் சீனாவின் டென்சென்ட் தலைமையிலான கூட்டு சூப்பர்செல்லின் பெரும்பங்கை வாங்கியபோது எந்தக் கிளானையும் யாரும் கேட்கவில்லை. பப்ஜியை 2020 செப்டம்பர் 2இல் இந்திய அரசு ஓர் உத்தரவில் தடைசெய்தபோது அதற்குள் இருந்த கூட்டங்களும் சேர்ந்தே போயின. பண்ணையாளுக்காவது 1952இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது.

முன்பு படையைக் கொடுத்துவிட்டால் மறுபடி பயிற்றுவிக்க எலிக்சரும் நேரமும் செலவாகும். 2022இல் எலிக்சர் செலவை எடுத்தார்கள். 2025 மார்ச்சில் காத்திருக்கும் நேரத்தையும் எடுத்தார்கள். பையன்களுக்கு வசதிதான். கொடுப்பவனுக்கு எதுவும் குறையாத கொடையில் எண் மட்டும் ஏறுகிறது. அந்த எண்ணும் மாதம் முடிந்தால் பூஜ்யம். மொய் நோட்டைத் தகப்பன் செத்த பிறகும் மகன் எடுத்துப் பார்க்கிறான். கிளான் அரட்டை மேலே ஏறி மறைந்துவிடுகிறது, அந்த நவம்பர் அரட்டையும் அப்படித்தான் போயிற்று. அடுத்த கோடையில் அந்தப் பையன் கிளானை விட்டுப் போனான். அந்த மாதக் கொடைக் கணக்கிலும் அவன் பெயர்தான் முதலில் நின்றது.