பெயர் வந்த கதை: முன்கதைப் படங்களில் நடிகரும் பேச்சும்

வெற்றி பெற்ற ஒரு படத்தின் நாயகனுடைய பழைய வாழ்வைச் சொல்லப் பின்னாளில் எடுக்கப்படுவதே முன்கதைப் படம். இதில் நெறியாளருக்கு இரண்டு இக்கட்டுகள் உண்டு. பார்வையாளர் மனதில் பதிந்துவிட்ட முகத்துக்கு இன்னொரு முகம் தேட வேண்டும். முடிவு நமக்குத் தெரிந்த கதையில், அது தெரியாத மனிதர்களைப் பேசவைக்க வேண்டும்.

பிரான்சிஸ் போர்ட் கொப்பலாவின் 'கோட்பாதர்' 1972 இல் வந்தது. 1974 இல் வந்த இரண்டாம் பாகம் பாதி தொடர்ச்சி, பாதி முன்கதை. முதற்படத்தில் மார்லன் பிராண்டோ ஏற்ற வீட்டோ கோர்லியோனின் இளமையை இதில் றொபேட் டி நீரோ ஏற்றார். முக ஒற்றுமை பெரிதாக இல்லை. டி நீரோ பிராண்டோவை நகல் எடுக்கவுமில்லை. கரகரத்த தாழ்ந்த குரல், பேசுமுன் ஒரு கணம் எதிரிலிருப்பவரை அளக்கும் பார்வை என்ற சில அடையாளங்களையே எடுத்துக்கொண்டார். ஒரே பாத்திரத்துக்காக இருவருக்கும் ஒஸ்கார் அறிவிக்கப்பட்டது. பிராண்டோ ஏற்க மறுத்தார்.

அதைவிடத் துணிச்சலானது மொழித் தெரிவு. நியூயோர்க்கில் வாழும் இளம் வீட்டோ ஏறக்குறைய முழுவதும் சிசிலிப் பேச்சு வழக்கிலேயே பேசுகிறான். அதற்காக டி நீரோ அவ்வழக்கைக் கற்றார். அமெரிக்கப் பார்வையாளர் தம் ஊர்ப் படத்தை எழுத்துத் தலைப்புகளின் துணையோடு பார்க்க நேர்ந்தது. முதற்படத்தில் புகழ்பெற்ற, மறுக்க முடியாத பேரம் பற்றிய வசனம் இங்கும் வருகிறது. ஆனால் இரு நண்பர்களுடன் உணவு மேசையில், சாதாரணப் பேச்சாக. கைதட்டலுக்காக அவ்விடத்தில் எவரும் நின்று காத்திருக்கவில்லை.

இனி, 1901 இல் எல்லிஸ் தீவு. ஒன்பது வயது வீட்டோ அந்தோலினி வாய் திறக்கவில்லை. உத்தியோகத்தர் அவனது ஊரின் பெயரையே குடும்பப் பெயராக்கி 'கோர்லியோன்' என்று பதிகிறார். மரியோ பூசோவின் நாவலில் அப்பெயரை வீட்டோ தானே தெரிந்தெடுக்கிறான். படத்தில் அது பறிப்பாகிவிட்டது. பல ஆண்டுகளின் பின் சிசிலி திரும்பி, காது மந்தமான கிழவனை நெருங்கி, தன் தந்தை அந்தோனியோ அந்தோலினி என்று சொல்லியபடி கத்தியைப் பாய்ச்சுகிறான். எழுத்தர் விழுங்கிய பெயர் அங்கேதான் மீள்கிறது.

றொன் ஹொவார்டின் 'சோலோ' 2018 இல் வந்தது. அதிலும் ஓர் உத்தியோகத்தர் பெயர் சூட்டுகிறார். உன் உறவினர் யார் என்று கேட்கிறார். தனக்கு எவருமில்லை, தனியாள் என்கிறான் இளைஞன். உடனே 'சோலோ' என்று எழுதப்படுகிறது. ஹரிசன் போர்ட் 1977 முதல் ஏற்ற பாத்திரத்தில் ஓல்டன் எரன்றைக் குறை சொல்லும்படி நடிக்கவில்லை. குறை எழுத்தில்தான். எவரும் கேளாத கேள்விக்கு விடை சொல்லும் வசனம் அது. அப்பெயரால் அவன் இழந்தது ஒன்றுமில்லை. ஆகவே அது பின்னர் திரும்பிவரவும் வேண்டியதில்லை.

இடாப்பிலொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று பிள்ளைகள் வரும் வகுப்பறையில் நிற்பவன் நான். முதலாவது காட்சி என்னை உறுத்துகிறது, இரண்டாவது கடந்துபோகிறது.

எமது கதைகளிலும் வாப்பாமார், மூத்தவாப்பாமார் காலம் எழுதப்படுகிறது. அம்மனிதர்கள் தம் ஊர்ப் பேச்சில் தமக்குள் பேசுகிறார்களா, அல்லது பின்னாளில் வாசிக்கப்போகும் எமக்கு விளக்கம் சொல்கிறார்களா? எழுதுவோர் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்க்கட்டும்.