டேவிட் மாரின் பார்வைக் கொள்கை: ஒரு மதிப்பீடு

டேவிட் மாரின் ‘விஷன்’ என்னும் நூல், ஆசிரியர் தமது 35ஆவது வயதிற் காலமாகி ஈராண்டுகளின் பின், 1982இல் வெளிவந்தது. தட்டையான விம்பத்திலிருந்து முப்பரிமாணப் பொருளை இனங்காண்பது எங்ஙனம் என்பதே மனிதர், கணிப்பொறி ஆகிய இரண்டையுங் குறித்து அந்நூல் எழுப்பும் வினா.

மாரின் சிந்தனையைத் தூண்டியவற்றுள் எலிசபெத் வொறிங்ரனின் மருத்துவ அவதானிப்பு முக்கியமானது. மூளையின் வலப்பாதியில் ஊறுற்ற நோயாளர் சிலர் வழமையான கோணத்திற் காட்டப்பட்ட பொருளை இனங்கண்டனர். அதனையே வழமைக்கு மாறான கோணத்திற் காட்டியபோது தவறினர். இடப்பாதியில் ஊறுற்றோர் சிலரோ பொருளின் பெயரையும் பயனையும் அறியாதபோதும் அதன் வடிவத்தைச் சரியாக உணர்ந்தனர். எனவே வடிவத்தை அறிதல் தனித்த தொழிற்பாடு என மார் கொண்டார். விளிம்புகளைக் காட்டும் முதல் வரைபு, நோக்குபவர் நிலையிலிருந்து மேற்பரப்பின் ஆழத்தையுஞ் சாய்வையுந் தரும் இரண்டரைப் பரிமாண வரைபு, பொருளையே மையமாகக் கொண்ட முப்பரிமாண மாதிரி என அதனை மூன்று படிகளாக வகுத்தார்.

இவற்றுள் மூன்றாம் படியே நலிவுடையது. மனித உடலை உருளை போன்ற உறுப்புகளாகப் பகுத்தல் எளிது. கசங்கிய துணிக்கு அச்சு எது? அன்றியும், மனிதர் புதிய பொருள்களை இனங்காணுந் திறன் நோக்குகோணத்தைச் சார்ந்து மாறுவதைப் பிற்காலப் பரிசோதனைகள் பல காட்டின. 2012இல் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளரின் நரம்பு வலையமைப்பு, ஏறத்தாழ 12 இலட்சம் படங்களிற் பயின்று, முப்பரிமாண மாதிரி எதுவுமின்றியே 1000 வகைப் பொருள்களைப் பிரித்தறிவதில் ஏனைய முறைகளை விஞ்சியது.

இதனால் மாரின் கொள்கை முற்றாக வீழ்ந்ததெனக் கொள்ளலாமா? 2019இல் வெளியான ‘ஒப்ஜெக்ற்நெற்’ ஆய்வு வீட்டுப் பொருள்களைத் திருப்பியும், வேறு கோணங்களிலும் பின்னணிகளிலும் எடுத்த படங்களைக் கொண்டு இத்தகைய வலையமைப்புகளைச் சோதித்தது. அவற்றின் வெற்றி 40 முதல் 45 சதவீதம் வரை குறைந்தது. வொறிங்ரனின் நோயாளர் தடுமாறியதும் இத்தகையதோர் இடத்திலேயே. இவ்வொப்புமை புறத்தோற்றத்தளவினதே, பின்வந்த வலையமைப்புகள் இவ்விடைவெளியைக் குறைத்துமுள்ளன. எனினும், படங்களைப் பெருக்கிப் பெற்ற வெற்றி, வடிவம் என்றால் என்ன, அதனை அறிவதற்கு எது கணிக்கப்படவேண்டும், ஏன் என்னும் வினாக்களுக்கு விடையாகாது. மார் தந்த விடை நிலைக்கவில்லை. அவர் கேட்ட வினா நிலைத்துள்ளது. கருவி செய்வோர் அதனைக் கடந்து செல்லலாம். விளக்கம் நாடுவோர் கடத்தலியலாது.