மாதச் சராசரியை வைத்துப் பட்டினியை அளக்கலாமா?

கடல் உணவுச் சங்கிலியில் நேரம் தப்பிப்போச்சு என்று எங்கே படித்தாலும், கொஞ்சம் தோண்டினால் ஒரே கட்டுரையில்தான் போய் நிற்கும். மார்ட்டின் எட்வர்ட்ஸ், ஆன்டனி ரிச்சர்ட்சன் இருவரும் 2004-ல் நேச்சர் இதழில் எழுதியது. முக்கியமான ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் அது சொன்னது ஒன்று, அதை வைத்து மற்றவர்கள் சொல்வது வேறொன்று.

முதலில் அது சொன்னது. வட கடலில் சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி இழுப்பார்கள். உள்ளே நகரும் பட்டுத்துணியில் மிதவை உயிரிகள் படியும். 1931-லிருந்து நடக்கிற வேலை. அதில் 1958 முதல் 2002 வரையான தரவை எடுத்து, 66 வகை உயிரிகளின் பருவ உச்சம் எப்போது வருகிறது என்று பார்த்தார்கள். டைனோஃபிளாஜெல்லேட்டுகள் சராசரியாக 23 நாள் முந்தியிருந்தன. அவற்றையெல்லாம் மேயும் கோப்பிபாடுகள் 10 நாள்தான் முந்தின. வசந்தகால டயாட்டம் பெருக்கமோ பெரிதாக நகரவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து எழுகிறது ஒன்று, வெப்பத்தைப் பார்த்து எழுகிறது இன்னொன்று. கடல் சூடானால் இரண்டும் ஒரே வேகத்தில் நகராது. இந்த அடிப்படை வாதம் உறுதியானது.

என் கேள்வி அளவுகோலைப் பற்றியது. அவர்கள் எடுத்தது மாதச் சராசரிகளின் ஈர்ப்பு மையம். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஓர் உயிரி மே மாதம் 20, ஜூன் 40, ஜூலை 20, ஆகஸ்ட் 20 என்று இருந்தால் மையம் 6.4. ஆகஸ்டில் மட்டும் அது காணாமல் போனால் மையம் 6.0. அதாவது 12 நாள் ‘முந்திவிட்டது’. ஆனால் பெருக்கம் தொடங்கியதில் ஒரு நாள்கூட மாற்றமில்லை! வால் அறுந்ததும் தலை நகர்ந்ததும் இந்தக் குறியீட்டில் ஒரே மாதிரி தெரியும். மஞ்சள்கரு தீர்ந்த மீன் குஞ்சுக்கோ சில நாள்தான் அவகாசம். அதற்கு முக்கியம் மையம் இல்லை, அந்த வாரம் இரை இருந்ததா என்பதுதான்.

இரண்டாவது, எத்தனை மீன் குஞ்சு பிழைத்தது என்ற கணக்கு அந்தக் கட்டுரையில் கிடையாது. குஷிங்கின் பொருத்தம்–பொருத்தமின்மைக் கருதுகோளைச் சேர்த்துத்தான் ‘அதனால் மீன் குறைந்தது’ என்கிறார்கள். டிரெவர் பிளாட் குழு 2003-ல் இந்தக் கண்ணியை நேராகச் சோதித்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில், செயற்கைக்கோள் படத்தையும் ஹேடாக் மீன் கணக்கையும் ஒப்பிட்டார்கள். 1981, 1999 இரண்டிலும் பெருக்கம் சீக்கிரம் வந்தது, குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. சீக்கிரம் வந்தாலே கெடுதல் என்பது இங்கே செல்லாது. இரைக்கும் வாய்க்கும் இடையிலான இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். பிளிமத் அருகே எல்4 என்ற இடத்தில் வாரா வாரம் எடுத்த மாதிரிகளை வைத்து, 2015-ல் அட்கின்சன் குழுவும் இந்தப் பொருத்தமின்மையின் பங்கைக் கேள்வி கேட்டது.

இதை மயிர் பிளக்கும் வேலை என்று தள்ளிவிட முடியாது. வட கடலின் காட் மீனை மனிதர்கள் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறிப் பிடித்தார்கள். முழுப் பழியையும் வெப்பத்தின் தலையில் போட்டால் வலை போட்டவர்கள் தப்பிக்கிறார்கள். வெப்பத்தை ஒதுக்கினால், பழைய பிடி அளவே போதும் என்று அடுத்த ஆண்டுக்கும் முடிவெடுப்பார்கள். இரண்டிலும் இழப்பு மீனுக்கும் அதை நம்பிப் பிழைப்பவருக்கும்தான்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் மூன்று விஷயம் தேடுங்க: மாதிரி எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுத்தது, இரையையும் உண்பதையும் ஒரே இடத்தில் அளந்தார்களா, கடைசியில் எத்தனை குஞ்சு பிழைத்தது என்று எண்ணினார்களா. 2004 கட்டுரை நல்ல எச்சரிக்கை மணி. அதைத் தீர்ப்பாக வாசிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.