சட்டம் போட்ட நெருப்பு

பதில் எழுதாத கடிதங்களை ஷெர்லாக் ஹோம்ஸ் எங்கே வைத்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா? கணப்புக்கு மேலே இருக்கும் பலகையின் நட்டநடுவில், ஒரு மடக்குக் கத்தியால் குத்தி. 'மஸ்கிரேவ் ரிச்சுவல்' கதையின் ஆரம்பத்தில் வாட்சன் இதை ஒரு புலம்பலாகவே சொல்வார். அங்கே கானன் டாயில் ஒரு வார்த்தையை மறக்காமல் போட்டிருக்கிறார்: 'மர'ப் பலகை. பளிங்காக இருந்தால் கத்தி இறங்காது. பேக்கர் தெரு வாடகை வீட்டில் மரம். பிரபு மாளிகையில் பளிங்கு. கணப்பின் முகப்பு என்ன பொருள் என்று சொன்னாலே போதும், ஆளைச் சொன்ன மாதிரி.

கணப்பு நம்ம ஊர் சமாசாரம் இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களிலும் ஆங்கிலப் படங்களிலும் பார்த்ததோடு சரி. ஆனால் டொரான்டோவிலும் நியூஜெர்ஸியிலும் லண்டனிலும் வீடு வாங்கும் நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டோடு ஒரு கணப்பும் இலவச இணைப்பாக வந்துவிடுகிறது. மேலே பிள்ளையார், பக்கத்தில் கல்யாண போட்டோ. கொஞ்ச நாளில், 'இந்த முகப்பை மாத்திடலாமா? பளிங்கா, கிரானைட்டா?' என்று பேச்சு வரும். கடைக்காரர் கேட்லாக்கைப் பிரித்து ஜார்ஜியன், விக்டோரியன், கன்டெம்ப்ரரி என்று மூன்று பக்கம் காட்டுவார். அந்த மூன்று பக்கத்தைத்தான் இந்த வாரம் விமரிசனம் செய்யப்போகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். சுவரில் ஒரு பொந்து, அதில் நெருப்பு. பொந்தின் வாயைச் சுற்றி ஒரு சட்டம். மேலே சாமான் வைக்க ஒரு பலகை. கீழே, தணல் தெறித்து விழுந்தாலும் பற்றாத கல் தரை. தமிழில் சட்டம் என்றால் ஃப்ரேம். சட்டம் என்றால் லா. இங்கே இரண்டும் ஒன்றுதான். அமெரிக்க வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதிகளின்படி, கணப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் போல எரியக்கூடிய எதுவும் வரக்கூடாது. 12 அங்குலத்துக்குள் வந்தால், எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறதோ அத்தனை எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் முன்னால் துருத்தக்கூடாது. முன்பக்கம் கல் தரை குறைந்தது 16 அங்குலம், இரண்டு பக்கமும் 8 அங்குலம். வாய் பெரிதென்றால் 20, 12.

மரச் சட்டத்துக்கும் நெருப்புக்கும் நடுவே பளிங்கிலோ டைல்ஸிலோ ஒரு பட்டை ஓடுமே, அது டிசைனர் போட்ட அலங்காரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தீத்தடுப்பு. அழகு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

இனி கேட்லாக்கின் முதல் பக்கம், ஜார்ஜியன். வெள்ளைப் பளிங்கு, இரண்டு பக்கமும் ஒல்லியான தூண், மேலே பூச்சரம், ஜாடி, ஆட்டுத்தலை. 18-ம் நூற்றாண்டின் ராபர்ட் ஆடம் பாணி. 'கிளாஸிக்கல்' என்று கடைக்காரர் சொல்வார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் இந்த மாதிரி கணப்பு முகப்பை விட்டுப் போகவே இல்லை. காப்பியடிக்க ஒரிஜினல் கிடையாது! இதை அப்போதே கண்டுகொண்டவர் ரோமில் இருந்த பிரானேசி. 1769-ல் கணப்பு அலங்காரத்துக்கென்றே ஒரு பெரிய புத்தகம் போட்டார். முன்மாதிரி இல்லையா, ரொம்ப நல்லதாப் போச்சு என்று எகிப்து, எட்ரூரியா, கிரேக்கம், ரோம் எல்லாவற்றையும் ஒரே முகப்பில் கொட்டிக் கலந்தார். ஸ்பிங்க்ஸ், எருது, முதலை என்று சில படங்களைப் பார்த்தால் குளிர்காய்வதற்குப் பதில் ஓடத் தோன்றும். ஆனாலும் அவர் நேர்மையானவர். இது கற்பனை என்று சொல்லிவிட்டே செய்தார். இன்றைய கேட்லாக் கற்பனையைப் பாரம்பரியம் என்று விற்கிறது.

பொருளிலும் அதே கதை. 'அந்தக் காலத்தில் எல்லாம் அசல் கல் சார், இப்பதான் டூப்ளிகேட்' என்பார்கள். பிரானேசி புத்தகம் வந்த அதே 1769-ல் எலினார் கோட் என்ற பெண்மணி லண்டன் லாம்பெத்தில் செயற்கைக் கல் தொழிற்சாலையை நடத்த ஆரம்பித்தார். கல் என்று பெயர், உண்மையில் சுட்ட களிமண். ஆடம் உட்பட அந்தக் காலத்துப் பெரிய கட்டடக் கலைஞர்கள் அவரிடம் வாங்கினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே இன்றும் நிற்கும் சிங்கம் அந்தத் தொழிற்சாலை 1837-ல் செய்தது; லண்டன் மழையும் புகையும் அதை ஒன்றும் செய்யவில்லை. ஜிப்ஸம் சாந்தில் வண்ணமும் பசையும் கலந்து பளிங்கு மாதிரியே இழைத்த ஸ்காக்லியோலாவும் மாளிகைக் கணப்புகளில் உண்டு. எனவே அசல், போலி என்று ஆரம்பித்தால் விவாதம் முடியாது. நான் கேட்கும் கேள்வி வேறு: அந்தப் பொருள் நெருப்புப் பக்கத்தில் உட்காரத் தகுதி உள்ளதா?

இதை முறையாகக் கேட்டவர் கவுன்ட் ரம்ஃபர்ட். அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்துக்கு விசுவாசமாக இருந்து, பவேரியாவில் பிரபு பட்டம் வாங்கிய விநோதமான விஞ்ஞானி. 1796-ல் கணப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அன்றைய கணப்புகள் குகை மாதிரி இருந்தன. சூடு மேலே போய்விடும், புகை மட்டும் அறைக்குள் வரும். ரம்ஃபர்ட் ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்தார், புகை ஏறும் தொண்டையை நாலு அங்குலமாகச் சுருக்கினார். இரும்பு வேண்டாம், செங்கல்லோ கல்லோ வைத்து வெள்ளையடியுங்கள், சூட்டை அறைக்குள் திருப்பி அனுப்பும் என்றார். லண்டனில் இது பெரிய ஃபேஷனாகிவிட்டது.

அதற்கு ஒரு அழகான சாட்சி, 1817 டிசம்பரில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தேங்கர் அபி'. பேய்க் கதைகளாகப் படித்துத் தள்ளிய கேத்தரின், பழைய மடாலயம் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போகிறாள். பிரம்மாண்டமான, செதுக்கிய கணப்பை எதிர்பார்க்கிறாள். அங்கே இருப்பது அடக்கமாகச் சுருங்கிய ஒரு ரம்ஃபர்ட். சாதாரணமான, ஆனால் லட்சணமான பளிங்குப் பலகைகள். மேலே பீங்கான் பொம்மை. பாவம், ஏமாந்துபோகிறாள். கணப்பு முகப்பைப் பற்றி இதைவிட நல்ல விமரிசனத்தை நான் படித்ததில்லை. ஸ்டைலைத் தேடி வருகிறவளுக்கு வசதி ஏமாற்றமாகத் தெரிகிறது. நம் கேட்லாக் இன்றுவரை கேத்தரினுக்காகவே அச்சாகிறது.

சட்டத்துக்கு முன்னால் இருப்பவர்கள் கதை இது. பின்னால் இருந்தவர்கள் கதையை எந்தக் கேட்லாக்கும் சொல்லாது.

புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சின்னப் பையன்களை உள்ளே ஏற்றினார்கள். கரியிலேயே உழன்ற அவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வருவதை 1775-ல் பெர்சிவல் பாட் என்ற சர்ஜன் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் என்று மருத்துவம் முதன்முதலில் அடையாளம் கண்டது அதைத்தான். 1788-ல் ஒரு சட்டம், 1840-ல் ஒரு சட்டம். யாரும் மதிக்கவில்லை. 1875-ல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஃபுல்போர்ன் மனநல விடுதியின் புகைபோக்கியில் ஜார்ஜ் பிரூஸ்டர் என்ற சிறுவன் மாட்டிக்கொண்டு இறந்தான். அதன் பிறகு அதே வருஷம் வந்த சட்டம்தான் பலித்தது. முதல் சட்டத்துக்கும் பலித்த சட்டத்துக்கும் நடுவே 87 வருஷம்.

சார்லஸ் கிங்ஸ்லியின் 'வாட்டர் பேபீஸ்' 1863-ல் புத்தகமாக வந்தது. அதில் டாம் என்ற பையன் புகைபோக்கிக்குள் வழி தவறி, வேறு ஒரு அறையின் கணப்பு வழியாக இறங்கிவிடுகிறான். எல்லாம் வெள்ளையாக இருக்கும் அறை. படுக்கையில் ஒரு சிறுமி தூங்குகிறாள். கரிய உருவம் ஒன்று அங்கே நிற்பதைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். கண்ணாடியில் தெரிவது அவனேதான். எல்லோரும் முன்னாலிருந்து பார்த்த கணப்பை, பின்னாலிருந்து வந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

இரண்டாம் பக்கத்தை, விக்டோரியனை, சீக்கிரம் தாண்டிவிடலாம். வார்ப்பிரும்பு, பூப்போட்ட டைல்ஸ், பளிங்கு மாதிரி பெயின்ட் அடித்த ஸ்லேட். கனம் ஜாஸ்தி. டைல்ஸ் மட்டும் புத்திசாலித்தனம்: சூடு தாங்கும், ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் கரி போய்விடும். 1952 டிசம்பரில் லண்டனைப் பனிப்புகை மூடிப் பல ஆயிரம் பேர் செத்து, 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்த பிறகு இந்தக் கணப்புகளில் பலவற்றை அட்டைப் பலகை வைத்து அடைத்தார்கள். அடைத்ததைப் பேரன்கள் பிரித்து, 'ஒரிஜினல் ஃபீச்சர்' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள்.

மூன்றாம் பக்கம், கன்டெம்ப்ரரி. ஜாடி இல்லை, பூச்சரம் இல்லை, வெறும் கல். இதற்குத் தாத்தா ஃப்ராங்க் லாயிட் ரைட். பென்சில்வேனியாவில் 1930-களில் அருவி மேல் அவர் கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' வீட்டின் கணப்பு முன்னால், அந்த இடத்துப் பாறையே தரையைப் பிளந்துகொண்டு நிற்கும். ரைட் முதலில் அதைச் செதுக்கித் தரைமட்டமாக்க நினைத்தார். இருக்கட்டும் என்றவர் வீட்டுக்காரர் காஃப்மன். சுற்றியுள்ள கல் தரைக்கு மெழுகு பூசினார்கள், பாறைக்குப் பூசவில்லை. ஓடைத் தண்ணீரிலிருந்து எழுந்த மாதிரி தெரிகிறது. கணப்பு முகப்பில் நான் தலைவணங்கும் ஒரே ஆடம்பரம் இது. எதையும் கொண்டுவராமல், இருந்ததை விட்டுவைத்தார்கள்.

கேட்லாக்கில் இதன் பேரன்கள்தான் சிக்கல். 'குவார்ட்ஸ்' என்று ஒன்று விற்கிறார்கள். குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து அழுத்திய பலகை. சமையலறை மேடைக்குச் சரி. கணப்பு வாயை ஒட்டி வைத்தால், சுமார் 150 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் பிசின் நிறம் மாறும், விரிசல் விடும். அதைவிடப் பெரிய விஷயம், இதை அறுப்பவர் நுரையீரல். இந்தப் பலகைகளில் சிலிக்கா 95 சதவிகிதம் வரை இருந்தது. உலர்வாக அறுக்கும்போது பறக்கும் தூள் சிலிகோசிஸ் நோயைத் தரும். ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் இளம் வயதுத் தொழிலாளிகள் இதற்குப் பலியானார்கள். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தச் செயற்கைக் கல்லைத் தடை செய்துவிட்டது. உலகில் முதல் நாடு. பாட் எழுதியதற்கும் இதற்கும் நடுவே இரண்டரை நூற்றாண்டு. கரி போய் வெள்ளைத் தூள் வந்திருக்கிறது. சட்டத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு டாம் நிற்கிறான்.

சரி, எதைத்தான் வைப்பது?

பளிங்கு அழகு, ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டாலே பளபளப்பு போய்விடும், புகையில் மஞ்சளடிக்கும். கிரானைட்டுக்குக் கறை பயம் இல்லை. ஆனால் விறகு எரியும் கணப்பின் தரைக்கு ஒரே பலகையாகப் போட்டால் சூட்டில் வெடிக்கலாம். விவரம் தெரிந்த கொத்தனார் துண்டு போட்டு அடியில் கான்கிரீட் கொடுப்பார். இதிலும் சிலிக்கா உண்டு, குவார்ட்ஸ் பலகையைவிடக் குறைவு. பளிங்கில் ரொம்பக் குறைவு. மரம், ஆறு அங்குலச் சட்டத்தை மதித்தால், தாராளமாக வைக்கலாம். செங்கல்லுக்கு எந்தக் காலத்திலும் மரியாதை உண்டு.

என் ஓட்டு மாக்கல்லுக்கு. ஆமாம், நம்ம கல்சட்டிக் கல்தான். வத்தக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கின பிறகும் சட்டியில் கொதித்துக்கொண்டிருக்குமே, அதே குணத்துக்காக ஃபின்லாந்துக்காரர்கள் அதில் கணப்பு கட்டுகிறார்கள். மெள்ளச் சூடேறும், நெருப்பு அணைந்தும் மணிக்கணக்கில் கதகதப்பு கொடுக்கும். சாம்பல் நிறம், பூச்சரம் கிடையாது. கேத்தரினுக்குப் பிடிக்காது, ரம்ஃபர்ட்டுக்குப் பிடித்திருக்கும்.

நெருப்பே வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களுக்கும் வழி உண்டு. 1966 கிறிஸ்துமஸ் முந்தின நாள் இரவு, நியூயார்க்கின் ஒரு டி.வி. சேனல் மூன்று மணி நேரம் விளம்பரமே இல்லாமல் ஒரு கணப்பு எரிவதை மட்டும் காட்டியது. மேயர் மாளிகையில் எடுத்த 17 விநாடிப் படம், திரும்பத் திரும்ப. தீ நன்றாகத் தெரியட்டும் என்று தடுப்பை எடுத்துவிட்டுப் படம் பிடித்ததில், பொறி தெறித்து விலை உயர்ந்த கம்பளம் கருகியது. சட்டத்தை மீறினால் அப்படித்தான்.

கடைக்குப் போகும்போது ஸ்டைல் பெயரை எல்லாம் மறந்துவிட்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இது எத்தனை சூடு தாங்கும்? வாயிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும்? இதை அறுப்பவர் தண்ணீர் ஊற்றி, முகமூடி போட்டு அறுக்கிறாரா? முதல் இரண்டுக்கும் கடைக்காரர் டக்கென்று பதில் சொல்வார். மூன்றாவதற்கு விழித்தால், பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.