ஹாரிக்கு அழுவார் யார்?

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1955-ல் அளித்த ‘தி டிரபிள் வித் ஹாரி’ என்னும் படத்தில், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூரொன்றில் ஹாரி பிணமாகக் கிடக்கின்றான். முயல் வேட்டைக்குச் சென்ற முதிய மாலுமி, தம் குண்டே அவனைக் கொன்றதென அஞ்சுகின்றார்; பாதரட்சையால் அடித்த மாதும், பால் போத்தலால் அடித்த மனைவியும் அவ்வாறே ஐயுறத்தக்க நிலையினர். ஓவியர் ஒருவரும் துணைசேர, நால்வரும் பிணத்தைப் புதைப்பதும் தோண்டுவதுமாக அலைகின்றனர். மரணத்திற்குக் காரணம் இருதய நோயே என்பது ஈற்றில்தான் புலனாகின்றது.

நகைப்புக்குக் குறைவில்லை, ஆனால் ஒருவர் கண்ணிலும் நீரில்லை. மணநாளிரவில், அன்று புதுக்காரியம் தொடங்கலாகாதென்ற சோதிடத்தை நம்பி மனைவியை நாடாதிருந்தவன் ஹாரி! சோதிடம் அவனுக்கு ஒரு துளிக் கண்ணீரையும் ஈட்டித் தரவில்லை. எனினும், அவன் பக்கத்து நியாயம் கேட்பாரற்றுப் போவது படத்தின் குறையே. சிரித்து எழுவோர், நமக்கு அழுவார் உளரோ எனத் தம்மை வினவுதல் நன்று.