பழுவேட்டரையருக்கு அடுத்த வாரம் இல்லை

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா பைண்ட் பண்ணி வைத்த ‘பொன்னியின் செல்வன்’ இருக்கிறது. கல்கி இதழிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்தது. 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே மாதம் முடிந்த தொடர். கடைசி அத்தியாயம் வந்தபோது புதுச்சேரியில் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அதிகாரம் கைமாறியது அந்த வருஷம் நவம்பர் 1. ஒவ்வொரு வாரத் துண்டின் கடைசியிலும் கதை அறுந்து தொங்குவதைப் பார்க்கும்போது ஒன்று உறைக்கும். இந்தக் கதையின் வில்லன்களோடு ஜனங்க மூன்றரை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்காங்க.

அவ்வளவு நாள் ஒருத்தரோட பழகினா கோபம் தானா தணிஞ்சிரும். அதை நாம மன்னிப்புன்னு நினைச்சுக்கிறோம். இன்று ‘ரிடெம்ப்ஷன் ஆர்க்’ என்று ஃபேன் எடிட் போட்டுக் கொண்டாடுகிறோமே, அதில் பாதி இந்தப் பழக்கதோஷம். மீதிப் பாதி ஃப்ளாஷ்பேக். நந்தினியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கெஞ்சியும் கேளாமல் கரிகாலன் வீரபாண்டியனின் தலையை வெட்டினான் என்று தெரிந்ததும் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். சாயலாம், தப்பில்லை. ஆனால் அது அவள் வஞ்சத்துக்கான காரணம். அவள் திருந்தியதற்கான அடையாளம் இல்லை. கல்கி அவளைத் திருத்தவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. கதையை விட்டுப் போகவிட்டார். மணிரத்னத்தின் இரண்டாம் படம் (2023) அவளைத் தண்ணீரில் இறக்கிக் கணக்கை முடித்தது. எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

நிஜமாகவே திருந்துகிறவர் பெரிய பழுவேட்டரையர். உடம்பில் 64 விழுப்புண்கள் உள்ள கிழவர், சோழநாட்டுத் தனாதிகாரி, கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடி மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டச் சதி பேசியவர். கொள்ளிடத்து வெள்ளத்தில் அடிபட்டு, திருப்புறம்பியம் பள்ளிப்படை அருகே கிடக்கும்போது, நிஜமான கொலைச் சதி அவர் காதில் விழுகிறது. அவருடைய இளம் மனைவி அவரை ஏணியாக வைத்து ஏறியிருக்கிறாள். இந்த இடத்தில் கல்கி அபாரம். கிழவரைத் திருத்துவது உபதேசம் இல்லை, கண்ணீர் இல்லை. வெறும் அவமானம். ராஜ்யத்தையே ஆட்டிவைப்பதாக நினைத்தவர், தானே ஆட்டிவைக்கப்பட்டிருக்கிறார். நொந்த உடம்போடு கடம்பூருக்கு விரைகிறார். கரிகாலனைக் காப்பாற்ற முடியவில்லை. பிறகு பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, தன் வாளாலேயே மடிகிறார்.

பதினாறு வயதில் இதைப் படித்து அழுதேன். இப்போது கொஞ்சம் எரிச்சல் வருகிறது. செத்துப்போனவர் மறுநாள் காலையில் யார் முகத்திலும் விழிக்க வேண்டாமே! பிரெஞ்சுத் தொடர்கதைக்கும் இதே சௌகரியம் இருந்தது. யூஜின் சூ 1842–43இல் நாளிதழில் எழுதிய ‘பாரிஸின் மர்மங்கள்’ கதையில் ஷூரினர் என்ற கொலைகாரன் திருந்துகிறான். தன்னைத் திருத்தியவருக்கு விழவேண்டிய குத்தைத் தான் வாங்கிச் சாகிறான். அந்தக் காலத்து வீரனுக்கு அதுதான் தர்மம் என்று பழுவேட்டரையருக்காக வாதாடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அடுத்த வாரம் என்ற ஒன்று தொடர்கதைக்கு மட்டுமே வாய்த்த சொத்து. அதைப் போய் வீணடிக்கலாமா? வாசகர்களும் அதைத்தான் கேட்டார்கள் போல. ஒவ்வொருவரும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று சொல்லக் கல்கி தனியாக முடிவுரையே எழுத வேண்டியிருந்தது.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் ஜூக்கோ அதனால்தான் எனக்கு ஒசத்தி. அவன் மனம் மாறி வந்தபிறகும் சாகவில்லை. தான் துரத்தித் துரத்தி அடித்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுக்கிறான், எடுபடாத ஜோக் சொல்கிறான். கடாரா எபிசோட் எபிசோடாக அவனை நம்பவே மாட்டேன் என்கிறாள். மன்னிக்கிற உரிமை அவள் கையில் இருக்கிறது, பார்வையாளர்களாகிய நம் கையில் இல்லை.

எங்கள் வீட்டில் ராத்திரி ஓடும் சீரியலில், ரெண்டு வருஷம் மருமகளைப் படுத்தி எடுத்த மாமியார் போன மாசம் ஒரே எபிசோடில் கையைப் பிடித்து அழுதாள். பின்னணியில் வீணை. எனக்கே கண் கலங்கியது. அம்மா அசையவில்லை. அம்மாவுக்கும் ஒரு மாமியார் இருந்தாங்க, என் ஆயா. அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைச்சுட்டு என்னிடம் கேட்டாங்க:

“அழுதா, சரி. அடுத்த நாளு காலைல எழுந்து அந்தப் பொண்ணுக்கு ஒரு காபி போட்டுக் குடுத்தாளா?”

மறுநாள் எபிசோடைப் பார்த்தேன். புதுசாக ஒரு வில்லி வந்திருந்தாள்.