‘சால’ என்னும் உரிச்சொல்

மிகுதியை உணர்த்தும் உரிச்சொற்கள் ஆறு என்பது நன்னூல் பயின்றார் யாவரும் அறிந்ததே. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்பன அவை. தொல்காப்பியர் உரியியலில் உறு, தவ, நனி என்னும் மூன்றனையும் ஒருங்கு வைத்து மிகுதிப் பொருளன என்றார். பவணந்தியார் ஏனைய மூன்றனையுங் கூட்டி ஆறாக்கினார். ஒரு குணத்தைத் தழுவிய பல சொற்கள் என்னும் அளவில் இத்தொகுப்புப் பொருத்தமுடையதே. ஆயின், இலக்கணத்தார் வகுத்த இனத்தை அகராதியாகக் கொண்டு, செய்யுளில் இவற்றுள் எது வரினும் ‘மிக’ என்றெழுதி அமைவது வகுப்பறை வழக்காயிற்று. அது தகுமா என்பதனைச் ‘சால’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு ஆராய்வாம்.

‘சால’ என்பது சால் என்னும் அடியிற் பிறந்தது. சாலுதலாவது நிறைதல், அமைதல், போதியதாதல். இந்திரனைக் கரியாகக் காட்டுந் திருக்குறளில் (25) ‘சாலும்’ என்னும் வினை, போதும் என்னும் பொருளிலேயே நிற்கின்றது. இனமொழிகளும் இதற்குத் துணையாகும். தெலுங்கில் ‘சாலா’ என்பது மிகுதியையும் ‘சாலு’ என்பது போதும் என்பதனையும் உணர்த்தும். கன்னடத்தில் ‘சாலது’ என்றால் போதாது என்பது பொருள். எனவே, ‘சால’ என்னுஞ் சொல் உணர்த்தும் மிகுதி அளவுடையது. கலம் விளிம்புவரை நிரம்பினாற் போன்றது.

வலியறிதல் அதிகாரத்து மயிற்பீலிக் குறளில் (475) ‘சால’, ‘மிகுத்து’ என்னும் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னதற்கும் ‘மிக’ என்றே பொருள் கொள்ளின், கூறியதையே அழுத்திக் கூறியதாக முடியும். நிறைவு என்னும் அடிப்பொருளை நினைந்து படிப்பின், வண்டி தாங்கும் அளவு நிரம்பிய பின்னரும் அமையாது ஏற்றுதல் என்னும் நயம் புலனாகும். ‘சால’ என்பது ‘மிகுத்து’ என்பதற்கு அடையாதலின் இது வலிந்து கொள்வது என்பார் உளராகலாம். அடையாய் நிற்கும்போதும் சொல் தன் அடிப்பொருளை முற்றுந் துறப்பதில்லை. அன்றியும், அடுத்த குறள் காட்டுவதும் நுனிக்கொம்பை அடைந்த பின்னரும் மேலே செல்ல முயல்வோனையே.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. சால்பு, சான்றோர், சான்றாண்மை என்பனவும் இவ்வடியிற் பிறந்தனவே. சாலுதல் மிகுதல் மாத்திரமேயாயின், பொருள் மிகுந்தாரும் கல்வி மிகுந்தாரும் அம்மிகுதி ஒன்றாலேயே சான்றோராவர். வள்ளுவரோ 99ஆம் அதிகாரத்தில் அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்தனையும் சால்பைத் தாங்குந் தூண்களாகக் கூறினார். ஒரு குணம் அளவிறந்து பெருகுதல் சால்பு அன்று. பல குணங்களும் குறைவின்றி அமைதலே சால்பு. மிகு என்னும் அடியிற் பிறந்த ‘மிகை’ குற்றத்தையும் உணர்த்துதல் இங்கு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

நமது யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கும் இவ்வேறுபாட்டை நன்கு அறியும். பொருள் பலவாயின் ‘கனக்க’ என்போம். பந்தியிலே போதிய அளவு பெற்றவர் ‘காணும்’ என்று கையமர்த்துவர். முன்னையது பெருக்கம், பின்னையது நிறைவு. இவ்விரண்டும் ஒருங்கு பொருந்திய சொல்லே ‘சால’.

ஆகவே, ‘மிக’ என்று உரை எழுதிய மாணாக்கனுக்கு மதிப்பெண் வழங்குவதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. ‘எத்தகைய மிகுதி?’ என்று மேலும் ஒரு வினா வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தேடும்போதே இலக்கணம் இலக்கியத்துக்குத் துணையாகின்றது.